பஸ் வரை ஓடியது

மாலை ஐந்தரை மணிக்கு அணுசக்தி நகர் பக்கமிருந்து சர்க்கார் ஸ்டாஃப் பஸ்கள் வரிசையாகச் சயான் பக்கம் போகும். முதல் பஸ் எங்கள் ஜன்னலைத் தாண்டியதும் டெஸ்ட் ராக்கின் பிளக்கைப் பிடுங்க வேண்டும். அந்த டெஸ்டுக்கு இருந்த முடிவு அது ஒன்றுதான். புரோகிராமில் முடிவு கிடையாது. விட்டால் ஓடிக்கொண்டே இருக்கும்.

மும்பை செம்பூரில் டிராம்பே ரோட்டை ஒட்டிய தொழிற்பேட்டையில், தரைத்தளத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப். லிஃப்டுக்கு வைக்கிற கண்ட்ரோல் போர்டு செய்வோம். எந்தெந்த மாடி, கதவு எத்தனை செகண்ட் திறந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் போர்டின் மெமரியில் இருக்கும். அதோடு அதில் ஒரு சின்னக் காவலும் உண்டு. உள்ளே ஓடும் புரோகிராம் நொடிக்கு ஒரு தரம் அதனிடம் தான் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லாமல் உறைந்துபோனால், காவல் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும். பிறகு போர்டை அணைத்து மறுபடி எழுப்பிவிடும். இங்கிலீஷில் அதற்கு வாட்ச்டாக் என்று பெயர். எங்களுக்கு அது குத்தா, அதாவது இந்தியில் நாய். "குத்தா டெஸ்ட் ஹோ கயா?" என்றுதான், டெஸ்ட் முடிந்ததா என்பதை, எங்கள் முதலாளி சேட் கேட்பார்.

அந்த டெஸ்டை ஓட்டுவது என் வேலை. புரோகிராமை வேண்டுமென்றே உறைய வைத்து, காவல் எழுப்புகிறதா என்று பார்ப்பது. மூன்று செகண்டுக்கு ஒரு தடவை சிவப்பு விளக்கு அணைந்து எரியும். கம்ப்யூட்டர் திரையில் ஓர் எண் கூடும். மறுபடி உறையும், மறுபடி எழும். ராக்கில் பன்னிரண்டு போர்டுகளை ஒரே சமயத்தில் மாட்டலாம். பன்னிரண்டு விளக்குகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ராக் வந்த புதிதில் நான் சேட்டிடம் கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஸ்டாஃப் பஸ் போய்க்கொண்டிருந்தது. அது போனதும் நிறுத்து என்றார். அன்றிலிருந்து ரிஜிஸ்டரில் ஒவ்வொரு வரியிலும் ஒரே வாசகத்தைத் தமிழில் எழுதிவந்தேன்: பஸ் வரை ஓடியது, ஓகே. ஏதாவது போர்டு எழும்பாமல் போனால் மட்டும், எத்தனையாவது தடவையில் விழுந்தது என்று எண்ணைப் போடுவேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். படிப்பு ஏறாமல் இல்லை. பரீட்சையில் முதல் கணக்கைப் போட்டுவிட்டுச் சரியா என்று பார்ப்பேன். சரியாகத்தான் இருக்கும். இன்னொரு தடவை பார்ப்பேன். விடையை அழித்துவிட்டு அதே விடையை மறுபடி எழுதுவேன். கடைசியாக எழுதிய கணக்குப் பரீட்சையில், அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. மணி அடித்தபோது மூன்றாவது கேள்வியில் இருந்தேன். தாராவியில் நான் படித்த தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளைக்குக் கணக்கு தெரிகிறது, முடிக்கத்தான் தெரியவில்லை என்று சொன்னார். இரண்டு வருஷம் ஒன்பதாவதிலேயே இருந்தேன். பிறகு போகவில்லை.

கல்யாணமாகி சீத்தா கேம்புக்கு வந்த பிறகும் கை அப்படித்தான். வீட்டைப் பூட்டிச் சந்து முனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். என் வீட்டுக்காரர் ஆட்டோவை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் காத்திருப்பார். மூன்றாவது தடவை திரும்பும்போது மட்டும் ஆஃப் செய்துவிடுவார். பெட்ரோல் வீணாகக் கூடாதே.

லிஃப்டில் நான் ஏறுவதில்லை. தங்கை பதினோராவது மாடியில் இருக்கிறாள். பாதியில் இரண்டு தடவை உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு படியேறித்தான் போவேன். போர்டுகளை ராக்கில் மாட்டும்போதெல்லாம், இரண்டு மாடிகளுக்கு நடுவே ஒரு பெட்டிக்குள் யாரோ நின்றுகொண்டு கதவைத் தட்டுவதுபோல எனக்குத் தோன்றும். பயப்படுகிறவள்தான் டெஸ்டிங்குக்குச் சரி என்று சேட் ஒருமுறை எல்லார் முன்னாலும் சொன்னார். வாழ்க்கையில் என் பயத்தை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. நான் அதை ரொம்ப நாள் சுமந்துகொண்டு திரிந்தேன்.

என் மேஜைக்குப் பக்கத்து மேஜை அக்காவுடையது. கூடப்பிறந்தவர் இல்லை, நான் அப்படிக் கூப்பிடுவேன். மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து வருவார். அவரும் திருநெல்வேலிப் பக்கம், நாங்களும் அந்தப் பக்கம். அவர் பேச்சைக் கேட்டால் எனக்கு அம்மா வீட்டில் இருப்பதுபோல இருக்கும். சால்டரிங் முழுவதும் அவர் கை. ஒரு போர்டில் இருநூறுக்கு மேல் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் ஈயம் சின்னக் கோபுரம்போல நின்று பளபளக்கும். முடித்ததும் போர்டை மேஜை விளக்குக்கு நேரே ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார். ஒரே ஒரு தடவை. பிறகு என் பக்கம் தள்ளிவிடுவார். அந்த ஒரு தடவையைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும்.

திரையையே நான் வெறித்துக்கொண்டிருந்தால் அக்கா விடமாட்டார்.

"ஏட்டி, அதையே பாத்துக்கிட்டு இருந்தா குத்தா குட்டி போடுமாட்டி? வந்து சோத்தத் தின்னு."

இருவர் டப்பாவையும் நடுவில் வைத்துத்தான் சாப்பிடுவோம்.

அந்த வியாழக்கிழமை சர்க்கார் லீவு. எங்களுக்கு லீவு இல்லை, ஆனால் சேட்டுக்கு ஊரில் உறவுக்காரர் கல்யாணம். அரை நாள் வேலை, பிறகு திங்கள்வரை அடைப்பு என்று சொல்லிவிட்டு, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் காலையிலேயே கிளம்பிவிட்டார். ராக்கில் பன்னிரண்டு போர்டு. திங்கட்கிழமை லிஃப்ட் கம்பெனிக்குப் போக வேண்டியவை. மத்தியானம் எல்லோரும் பையை எடுத்தார்கள். நான் ராக்குக்கு முன்னால் நின்றேன்.

பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பஸ் வரவில்லை. லீவு நாளில் ஸ்டாஃப் பஸ் ஓடாது. பஸ் போனால்தானே நிறுத்த வேண்டும் என்று மனசு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டது. நாளைக்கும் ஓடட்டும், நாளன்றைக்கும் ஓடட்டும், ஒன்றுகூடத் தவறாமல் எழும்புகிறதா என்று பார்த்துவிடலாம். ஒரே ஒரு தடவை முழு நிச்சயம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அக்கா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"எல்லாம் நிறுத்திட்டியாட்டி?"

"ம்" என்றேன்.

ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். பூட்டை நான்கு தடவை இழுத்துப் பார்த்தேன்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் போனேன். பன்னிரண்டு விளக்குகளும் சிமிட்டிக்கொண்டிருந்தன. திரையில் ஒவ்வொரு போர்டுக்கும் எண் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒன்றுகூட விழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பிளக்கைப் பிடுங்கி, திரையை அழித்து, ரிஜிஸ்டரில் எழுதினேன். பஸ் வரை ஓடியது, ஓகே. போர்டுகள் போய்விட்டன. என்னிடமிருந்து போனவற்றிலேயே நான் கவலைப்படாமல் அனுப்பிய போர்டுகள் அவைதாம்.

ஒரு மாதம் கழித்து, அந்தப் பன்னிரண்டில் ஒன்பது திரும்பி வந்தன.

நான் முதலில் கேட்டது உள்ளே யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று. இல்லை. லிஃப்ட் தரைத்தளத்திலேயே கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றுவிட்டது, மாடிக் கணக்கு அதற்கு மறந்துபோய்விட்டது, அவ்வளவுதான் என்றார் கொண்டுவந்த மெக்கானிக். சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் சேட் அக்காவைப் பார்த்தார். எங்கள் வேலையில், இருந்தும் இல்லாமலும் வருகிற கோளாறு என்றால் ஈயம் சரியாக ஒட்டவில்லை என்றுதான் முதலில் நினைப்பார்கள். அக்காவுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அந்த வருஷம்தான் கண்ணாடி போட ஆரம்பித்திருந்தார்.

சேட் கத்தவில்லை. அது சனிக்கிழமை. அக்காவைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னார். கண் பலவீனமாகிவிட்டது, இனிமேல் இந்தப் பொடி வேலை வேண்டாம், வீட்டில் இருங்கள், பார்த்துச் சொல்லி அனுப்புகிறேன் என்றார். அக்கா ஒரு போர்டைக் கையில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நான் வைத்த ஈயம் அப்படிப் போகாது என்று ஒரு தடவை சொன்னார். பிறகு நாற்காலியில் போட்டிருந்த தன் குஷனை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு போனார். போகும்போது என் தோளைத் தொட்டு, டப்பாவைக் கழுவி வைத்துக்கொள், நாளைக்கு எறும்பு வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நிச்சயமாக ஒன்றும் தெரியாது. ஆனால் திருப்பி அனுப்பியவை அந்த ராக்கில் நாலு நாள் ஓடிய போர்டுகள் மட்டும்தான். முன்னால் போனவையோ பின்னால் போனவையோ ஒன்றுகூட வரவில்லை. எல்லாவற்றிலும் அக்கா வைத்த ஈயம்தான்.

செய்யாத தப்புக்கெல்லாம் பயந்து மன்னிப்புக் கேட்கிறவள் நான். பக்கத்து வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், நான் கூப்பிட்டதால்தானோ என்று கேட்பேன். உண்மையாகவே ஒரு தப்பு செய்திருக்கிறேன் என்று தெரிந்தபோது வாய் திறக்கவில்லை.

போர்டுக்குள் ஓடும் புரோகிராமையும் டெஸ்டையும் எழுதியவள் ஒரு பெண். மாட்டுங்காவில் வீடு, பாலக்காட்டுக்காரர்கள், அப்பாவும் தாத்தாவும் ஆபீஸ் உத்தியோகம். என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள், நாங்கள் மேடம் என்போம். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருவாள். அந்தச் செவ்வாய்க்கிழமை வந்து, ஒன்பது போர்டுகளையும் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் புள்ளி புள்ளியாகப் பார்த்தாள். ஈயத்தில் தப்பு தெரியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு என் ரிஜிஸ்டரை எடுத்தாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது.

"இதுல என்ன எழுதியிருக்கேள், கொஞ்சம் படிச்சு சொல்றேளா?"

அந்தப் பன்னிரண்டு போர்டுகளின் வரியில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"பஸ் வரை ஓடியது, ஓகே" என்று படித்தேன்.

எழுதியிருந்ததைத்தான் படித்தேன். பஸ் வந்துதான் நிறுத்தினேன் என்பதும் ஒரு வகையில் உண்மை. திங்கட்கிழமைக் காலையில் நான் பிளக்கைப் பிடுங்கும்போது ஸ்டாஃப் பஸ்கள் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. அப்படியெல்லாம் யோசித்து என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவள் தலையாட்டிவிட்டு ரிஜிஸ்டரை மூடினாள்.

வெள்ளிக்கிழமை அவளே ஒரு போர்டில் எல்லாப் புள்ளிகளையும் உருக்கி மறுபடி வைத்துப் பார்த்தாள். கோளாறு அப்படியே இருந்தது.  மத்தியானம் என் டப்பாவைத் தனியாகத் திறந்து, சாப்பிடாமல் மூடினேன். அன்றும் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமைக் காலையில் சேட் சொன்னார், நாளையிலிருந்து சால்டரிங்குக்குப் புது ஆள் வருகிறது, அந்த மேஜையைத் துடைத்து வை என்று. நான் துணியை எடுத்துக்கொண்டு போய் அக்காவின் மேஜையைத் துடைத்தேன். இழுப்பறையில் அவருடைய பழைய விரலுறை ஒன்று கிடந்தது, ஆள்காட்டி விரல் முனை கருகியிருந்தது. துணியை அப்படியே போட்டுவிட்டு மேடத்திடம் போனேன்.

"அன்னைக்கு பஸ் வரல மேடம்."

"எந்த பஸ்?"

சொன்னேன். லீவு நாள், சாவி, ஷட்டர், நாலு நாள், திரையில் இருந்த எண். அக்கா வாசலில் நின்று கேட்டதையும் நான் ம் என்றதையும் சொன்னேன். அதை அவள் கேட்கவில்லை, நான்தான் சொன்னேன். அவள் ஒரு காகிதத்தில் ஏதோ பெருக்கிப் பார்த்தாள். பிறகு பேனாவை வைத்துவிட்டாள்.

ஒவ்வொரு தடவை போர்டு எழும்பும்போதும், எத்தனையாவது தடவை என்பதைப் போர்டின் மெமரியிலேயே ஒரே இடத்தில் அழித்து எழுதுகிற மாதிரி அவள் புரோகிராமை அமைத்திருந்தாள். மாடிக் கணக்கும் அதே பக்கத்தில்தான், அதுவும் கூடவே அழிந்து எழுதப்படும். அந்த மெமரியில் இத்தனை தடவைதான் அழித்து எழுதலாம் என்று ஒரு வரம்பு உண்டாம். அதைத் தாண்டினால் எழுதியது நிற்காது. ஒரு நாள் ஓடினால் ஒன்றும் ஆகாது. நாலு நாளில் அதன் ஆயுசு முடிந்துவிட்டது. காவல் ஒவ்வொரு தடவையும் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. கெட்டது வேறு இடத்தில்.

ஓட்டை விழுந்த என் பரீட்சைத் தாள் நினைவுக்கு வந்தது. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

"இது என் தப்புதான்" என்றாள் அவள். "நிக்கறதுக்கு ஒரு கணக்கு வெக்காம விட்டது நான். நீங்கோ பஸ்ஸைப் பாத்துண்டு நிறுத்தறேள்னே எனக்குத் தெரியாது."

தன் பங்கைச் சொல்ல அவளுக்கு அரை நிமிஷம் ஆனது. எனக்குப் பத்து நாள் ஆகியிருந்தது.

அவளே போய்ச் சேட்டிடம் பேசினாள். புது ஆளை வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. பிறகு என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு டெஸ்டை மாற்றி எழுதினாள். எண்ணைப் போர்டுக்குள் எழுதாமல் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்வது ஒன்று. ஆரம்பிக்கும்போதே எத்தனை தடவை என்று கேட்டு, அத்தனை ஆனதும் தானாக நிற்பது இன்னொன்று.

"எத்தனைன்னு வெக்கட்டும்?"

நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

"நான் சொன்னா நீங்கோ நம்ப மாட்டேள். இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு ஆரம்பிச்சுடுவேள். இத்தனை வருஷமா போர்டைப் பாக்கறது நீங்கோதானே?"

ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டேன். பழைய ரிஜிஸ்டர்களையெல்லாம் எடுத்து, விழுந்த போர்டுகளின் வரிகளை மட்டும் பார்த்தேன். கெட்டுப்போகிற போர்டு சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மூன்றாவது தடவையில் விழுந்தது, பதினெட்டாவதில் விழுந்தது, ஒன்றே ஒன்று முப்பத்தேழில். அதற்குமேல் விழுந்ததாக ஒரு வரியும் இல்லை. நாற்பதுக்குப் பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் போர்டை இல்லை போலிருக்கிறது. இத்தனை வருஷம் நானே எழுதிய ரிஜிஸ்டர், நான் படித்ததே இல்லை.

முந்நூறு என்றேன். ஐம்பது போதும் என்று தெரியும். மீதி என் பயத்துக்கு. அவள் சிரிக்கவில்லை, முந்நூறு என்று போட்டாள்.

"வேற நம்பர் வேணும்னா மாத்திக்கலாம். பூஜ்யம் போட்டேள்னா பழையபடி நிக்காம ஓடும், எப்பவாவது வேண்டியிருக்கும்."

"பூஜ்யத்த எடுத்துருங்க மேடம்."

"ஏன்?"

"இருந்தா போட்டுருவேன்."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரும்பி, பூஜ்யம் போட்டால் மறுபடி கேள்வியே கேட்கிற மாதிரி மாற்றினாள். பெரிய எண்ணுக்கும் ஓர் எல்லை வைத்தாள். அதை நான் கேட்கவில்லை, அவளாகவே வைத்தாள்.

அன்று மாலை முதல் பஸ் போனதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. சயான் போய் இறங்கி லேபர் கேம்புக்கு நடந்தேன். அக்கா வீடு சந்துக்குள் மாடியறை, இரும்பு ஏணி. ஏணி உச்சியில், வெளிச்சம் விழுகிற வாசல்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முறத்தை மடியில் வைக்காமல், இரண்டு கையாலும் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாட்டி, வழி தெரிஞ்சுதா? மேல ஏறி வா, காப்பி போடுதேன்" என்றார். நான் ஏணியின் பாதியிலேயே நின்று சொன்னேன். மேலே ஏறி அவர் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டால் சொல்ல வராது என்று தெரியும்.

அவர் கேட்டு முடித்ததும் முறத்தை மெதுவாக இறக்கி வைத்தார்.

"நான் கேட்டேன்லா? வாசல்ல நின்னு, நிறுத்திட்டியான்னு கேட்டேன்லா?"

"கேட்டீங்கக்கா."

"நீ பயந்தவன்னு எல்லாருக்கும் தெரியும். உன் பயத்துக்கு நான் ஏன் வீட்ல உக்காரணும்?"

 கீழே யாரோ தண்ணீர்க் குடத்தோடு ஏணியைச் சுற்றிப் போனார்கள். அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். பேசும்போது குரல் உயரவில்லை.

"சேட் சொன்னது கூடப் பெருசில்ல. அவரு சொல்லுவாரு, மொதலாளி. நானே நம்பிட்டேன். பெரியாஸ்பத்திரியில போயி கண்ணக் காட்டினேன். நல்லாத்தான் இருக்குன்னாங்க, அதையும் நம்பல. மருமவ ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைக்கக் கேட்டா, மாட்டேன்னுட்டேன். பத்து நாளா இந்த அரிசிய ரெண்டு ரெண்டு தடவ பொறுக்குதேன்."

முறத்தைப் பார்த்தேன். ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த இடத்தில் கல்லே இல்லை.

திரும்ப வேலைக்கு வருவதற்கு ஒரு நிபந்தனை வைத்தார். தன்னிடம் நான் தனியாகச் சொன்னதை ஒர்க்‌ஷாப்பில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், சேட்டும் தன் வாயால் சொல்ல வேண்டும், கண் என்று சொன்னவர் அவர்தானே. சரி என்றேன். காப்பி கொடுக்கவில்லை. நான் இறங்கும்போது, பார்த்து இறங்கும்மா, படி வழுக்கும் என்றார். அதுவரை அவர் என்னை அம்மா போட்டுப் பேசியதே இல்லை.

மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப்பில் ஆறு பேர் நின்றார்கள். சொன்னேன். எனக்குத் தெரிந்த இந்தியில், தட்டித் தடுமாறி, லீவு நாளில் நிறுத்தாமல் போனது நான், அக்கா கேட்டபோது பொய் சொன்னதும் நான் என்று. சேட் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அக்கா பையிலிருந்து குஷனை எடுத்து நாற்காலியில் போட்டு உட்கார்ந்தார். சால்டரிங் அயர்னைச் சூடாகப் போட்டார்.

என்னை வேலையை விட்டு அனுப்புவார்கள் என்றுதான் இருந்தேன். அனுப்பவில்லை. பயப்படுகிறவள்தான் டெஸ்டிங்குக்குச் சரி என்று சேட் மறுபடி சொல்லவும் இல்லை.

புது டெஸ்டை அன்றுதான் முதலில் ஓட்டினேன். எத்தனை தடவை என்று திரை கேட்டது. முந்நூறு என்று அடித்தேன். பன்னிரண்டு விளக்குகளும் சிமிட்டத் தொடங்கின. கால் மணி நேரத்தில், நான் ஒன்றும் செய்யாமலே, ஒவ்வொன்றாக நின்று பச்சையாயின. அத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்த, போர்டுகளின் ரிலே சுவிட்சுகள் போடும் டிக் டிக் சத்தம் நின்றபோது, யாரோ அறையை விட்டு எழுந்துபோன மாதிரி இருந்தது. கை தானாக மறுபடி ஆரம்பிக்கும் பட்டனுக்குப் போனது. மடியில் வைத்துக்கொண்டேன். ரிஜிஸ்டரில் எழுதினேன்: முந்நூறு, ஓகே.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. போர்டு எதுவும் திரும்பி வரவில்லை. அக்கா பக்கத்து மேஜையில்தான் இருக்கிறார். மத்தியானம் டப்பாவை நடுவில் வைத்தால் எடுத்துக்கொள்கிறார், தன்னுடையதையும் தருகிறார். ஏட்டி என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

இப்போது பஸ் போகும் நேரத்தில் ராக் எப்போதோ நின்றுபோயிருக்கும். இருந்தாலும் ஐந்தரைக்கு எழுந்துபோய்ப் பிளக்கைப் பார்க்கிறேன். ஒரு தடவை. சில நாள் இரண்டு தடவை. திரும்பி வரும்போது அக்கா அன்றைய கடைசிப் போர்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்துவிட்டுக் கீழே வைப்பார். கையை எடுக்கமாட்டார். மறுபடி தூக்கிப் பார்ப்பார்.

போதும்க்கா என்று வாய்வரை வரும். சொல்வதில்லை. அவர் பார்த்து முடிக்கும்வரை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.